சும்மா இல்லாத இடம்

ஹெலனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கோலார் தங்கவயலில் குறைமாதத்தில் பிறந்தவள். விழித்திரை சரியாக வளரவில்லை என்று டாக்டர்கள் அப்போதே கைவிரித்துவிட்டார்கள். அண்ணன் விஜய்குமார் மட்டும் விடவில்லை. பெங்களூருக்கு வந்து வாடகைக் கார் ஓட்டத் தொடங்கியதிலிருந்து, எங்கே புதிதாகக் கண் ஆஸ்பத்திரி திறந்தாலும் தங்கையை அழைத்துக்கொண்டு போய் நின்றான்.

நாற்பதை நெருங்கியபோது ஹெலனுக்கு அலுத்துவிட்டது. வாரம் முழுக்க ஜீவனஹள்ளியிலிருந்து வைட்ஃபீல்ட் ஆபீசுக்குப் போய், கம்ப்யூட்டர் வாசித்துக்காட்டும் குரலை நாளெல்லாம் காதில் வாங்கி வேலை பார்ப்பவள். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகவேண்டும்; தூங்கக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதுவும் ஏதாவதொரு ஆஸ்பத்திரி பெஞ்சில் போய்விடும். மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை.

இந்த முறை ஆஸ்பத்திரி இல்லை, ஆராய்ச்சி நிலையம். பார்வையில்லாதவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று காரில் ஏறிய யாரோ சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டான். இரைச்சல் போடும் மெஷினுக்குள் அவளைப் படுக்கவைத்து, பிரெயில் தாளைத் தடவிப் படிக்கச் சொன்னார்கள். மிளகாய்ச் சாகுபடி பற்றி ஏதோ எழுதியிருந்தது. அசையாமல் கிடந்ததில் கழுத்து மரத்துப்போனது.

சில வாரம் கழித்து அனுஷா என்ற ஆராய்ச்சியாளர் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். மற்றவர்கள் பார்ப்பதற்குப் பயன்படுத்தும் பின்மூளைப் பகுதி, ஹெலன் விரலால் படிக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறதாம். மொழியைக் கவனிக்கும் பகுதியோடு அதற்கு நெருக்கமான தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. வேறு சில பகுதிகளோடு இருக்கவேண்டிய தொடர்பு மெலிந்துவிட்டது.

விஜய்குமார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "அப்போ அந்த இடம் உயிரோடதான் இருக்கு மேடம். கண்ணைச் சரி பண்ணிட்டா பார்த்துடுவா, இல்லையா?"

அனுஷா மெதுவாகச் சொன்னார்: "கண்ணையே சரி பண்ண முடியாது சார். அப்படியே பண்ணாலும், அந்த இடம் சும்மா காத்துட்டு இல்ல. இத்தனை வருஷமா வேற வேலை பழகிடுச்சு."

முன்னால் இழுத்த நாற்காலியை அவன் பழைய இடத்துக்கே தள்ளினான். ஹெலனுக்கு அவனை நினைத்துப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் தன் மேலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கப்பட்டாள்.

திரும்பும்போது டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் வண்டி நகரவே இல்லை. ஹெலன் சொன்னாள்: "இதோட போதும்ணா. எனக்கு முடியல."

இன்ஜினை அணைத்தான். "எனக்கும்தான்மா," என்றான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. உச்சிவெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுந்தபோது நினைத்த அளவு சந்தோஷம் இல்லை. உடம்பு அடித்துப்போட்டது போல வலித்தது. அண்ணனுக்கு அவளே போன் போட்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள். இப்போதுதான் எழுந்தேன் என்றான்.