அத்தான் நிரப்பி வைத்த கப்செல்கள்

அத்தான் இறந்து எட்டாம் நாள் எட்டுச் செலவுக் கிரியை முடிந்த மறுநாள், ஜெர்மனியில் எசன் நகரில் இருந்த என் அறையைப் பூட்டிவிட்டு, ஒரு பெட்டியோடு கெல்சென்கிர்ச்சனில் அக்கா வீட்டுக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அக்கா தனியே இருக்கக்கூடாது என்று சொந்தக்காரர் எல்லோரும் போனில் தீர்மானித்திருந்தார்கள். தீர்மானிக்கிறவர்களுக்கு என்ன, போனை வைத்தால் வேலை முடிந்தது. பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில் போய் இருக்க வேண்டியவன் நான்.

அத்தான் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்தவர். அவர்கள் எறிந்த கோப்பி மெசின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதற்குக் கப்செல் போட வேண்டும். ஒரு கோப்பைக்கு அளவான தூள் அடைத்த சின்ன அலுமினியக் கிண்ணம். மெசின் அதில் ஓட்டை குத்திச் சுடுதண்ணீரை விடும். ஒருதரம் குடித்ததும் எறிய வேண்டியதுதான். அத்தான் எதையும் எறிகிற ஆள் இல்லை. அலுவலகக் குப்பையில் கிடந்த வெறும் கப்செல்களைப் பொறுக்கி வந்து, கழுவி, ஹீட்டர் மேல் காயவைத்து, தானே வறுத்து மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு அரைத்த கோப்பித்தூளை நிரப்பி, அலுமினியத் தாளால் மூடி, விளிம்பைக் கரண்டிக் காம்பால் அழுத்துவாராம். ஞாயிறு தோறும் இதே வேலைதானாம். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அவர் நிரப்பிய கப்செல்கள் பிஸ்கட் தகரத்தில் பத்துப் பன்னிரண்டு மிச்சம் இருந்தன.

நான் பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை முடித்து இரண்டு மணிக்கு வீடு வருவேன். அக்கா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு ஒரு மணிக்கே போய்விடுவாள். முதல் நாள் வந்து பார்த்தபோது, மேசையில் ஒரு கோப்பை கோப்பி, மேலே தட்டால் மூடியபடி இருந்தது. இன்னும் இளஞ்சூடு இருந்தது. துக்கத்திலும் தம்பியை மறக்கவில்லையே என்று நெஞ்சு இளகிவிட்டது. நான் தேத்தண்ணி ஆள். ஆனாலும் சன்னலோரக் கதிரையில் இருந்து முழுவதையும் குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். அவளிடம் நன்றி சொல்லவில்லை. அக்காவுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

பதினைந்தாம் நாள் போல அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அந்தியேட்டி வேண்டாம். ஐயருக்குச் சொல்லிவிடு."

"ஏனக்கா?"

"அவர் போகேல்லை. போகாத ஆளை எப்பிடி அனுப்புறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரமாக அவள் முகம் தெளிந்து, தலை வாரி, வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று உள்ளே யாரிடமோ தலையசைத்துவிட்டுப் போவதை நானும் கவனித்திருந்தேன். தேறுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வீடு சரிப்படவில்லை. பட்டப்பகலில் ஹீட்டர் குழாய் டிக் டிக் என்றால் நெஞ்சு திக்கென்றது. குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கப் பயமாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்குத் தைரியம் தந்தது இரண்டு மணிக் கோப்பி ஒன்றுதான். வேலையிலேயே நாக்கு அதைத் தேடத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் பல் வைத்தியரிடம் எனக்கு நேரம் குறித்த டெர்மின் இருந்ததால் மத்தியானமே வந்துவிட்டேன். கதவைத் திறந்தபோது சமையலறையில் மெசின் உறுமி நின்றது. பிறகு அக்காவின் குரல்.

"இண்டைக்குக் கொஞ்சம் கடுப்பம். ஆற முதல் குடியுங்கோ. நான் ஏழு மணிக்கு வந்திடுவன்."

வாசல் நடையில் சுவரோடு ஒட்டி நின்றேன். அக்கா சன்னலோரக் கதிரையை இழுத்து, யாரோ உட்கார வசதியாகத் திருப்பி வைத்தாள். முன்னால் கோப்பையை வைத்துத் தட்டால் மூடினாள். அத்தானும் இரண்டு மணிக்குத்தான் வேலையால் வருகிறவர்.

அந்த வீட்டில் பேய் இருந்தது உண்மைதான். அது நான்.

சத்தம் காட்டாமல் திரும்ப வெளியே இறங்கிவிட்டேன். அன்று அந்தக் கோப்பியை நான் தொடவில்லை. தொடாவிட்டால் எல்லாம் தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு அக்கா வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"அவர் நிரப்பினது முடிஞ்சு மூண்டு நாள்" என்றாள். "ரெண்டு நாள் நான் நிரப்பினதைப் பொறுத்துக்கொண்டு குடிச்சவர். இண்டைக்கு ஏலாமப் போச்சு போல. என்ர கைப்பக்குவம் அப்பிடி."

அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான்தான் குடிச்சனான். எல்லா நாளும். எனக்கு வைச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"எத்தினை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

"எந்தக் கதிரையில?"

காட்டினேன்.

"காகத்துக்குச் சோறு வைக்கிறம். காகம் திண்டால் ஆர் திண்டதெண்டு சொல்லுறனாங்கள்?" என்றாள் அமைதியாக. "இந்த மூண்டாம் மாடிக்கு எந்தக் காகம் வரும்? நீ வந்தாய்."

அவள் தகரத்தை எடுத்து வைத்து, அடுத்த நாளைக்குக் கப்செல் நிரப்பத் தொடங்கினாள். தூளைப் போட்டதும் தாளை எடுத்தாள்.

"ரெண்டு தரம் தட்டிப்போட்டு மூடு" என்றேன்.

அவள் கை நின்றது. "அவர் அப்பிடித்தான் செய்யிறவர். உனக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஆர் குடிக்கிறதெண்டு தெரிஞ்சிட்டுது, இனி அனுப்பலாம்" என்று அந்தியேட்டிக்கு அக்கா சம்மதித்தாள். அதற்குப் பிறகும் தினமும் கோப்பி இருந்தது. தினமும் குடித்தேன். குடிக்காமல் விட எனக்குத் துணிவில்லை.

முப்பத்தோராம் நாள் வீடு நிறையச் சனம். கிரியை முடிந்து, படையலில் ஒரு பங்கை இலையில் எடுத்துப் பல்கனியில் காகத்துக்கு வைக்கச் சொன்னார் ஐயர். எதிர்ப் பூங்கா மரத்தில் ஏழெட்டுக் காகங்கள் இருந்தன. பெண்கள் "கா கா" என்று கூப்பிட்டார்கள். கீழ்வீட்டு ஜெர்மன்காரி சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். காகங்கள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றும் அசையவில்லை. அரை மணித்தியாலம் போனது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அக்கா இலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சன்னலோரக் கதிரையைத் திருப்பினாள். சனம் விலகி வழிவிட்டது. நான் போய் அதில் இருந்தேன். சோறும் கறியும் வடையும் தின்றேன். கடைசியாக அவள் நிரப்பிய கோப்பியைக் குடித்தேன். பின்னால் ஒரு கிழவர் கைகூப்பி நின்றதைக் கண்டேன்.

அக்கா எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"வயிறு நிறைஞ்சுதோ?" என்றாள். "இனிப் போறியளோ?"

அந்தக் கேள்வி எனக்கில்லை. ஆனால் வாய் என்னிடம்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் கடைக்கு வெளிக்கிட்டாலும், திரும்பி வருவோம் என்று தெரிய, "போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். வெறுமனே போகிறேன் என்றால் வாயில் ஒன்று போடுவார்கள். அந்த 'வாறன்' என் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"போறன்" என்றேன்.

செத்தவீட்டிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா, என் கால்களைக் கட்டிக்கொண்டு குழறி அழுதாள்.