ஒப்பாரிக்கு ஒரு விண்ணப்பம்

இங்கிலாந்தில் என் மகனோடு நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தப்படி, ஒரு வீட்டில் சத்தம் அதிகமானால் முதலில் எழுத்தில் எச்சரிக்கை தர வேண்டும். பிறகு ஏழு நாள் பொறுக்க வேண்டும். கீழ்வீட்டு ராக்கம்மாவுக்கு எச்சரிக்கை வரவில்லை, ஆம்புலன்ஸ் வந்தது. சேவுகம்பட்டியில் அவள் ஆத்தா இறந்துவிட்டதாக அன்று காலை தந்தி. கணவன் பேக்டரிக்குப் போயிருந்தான். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் நல்லவள். பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்துவிட்டாள். இங்கே பிணத்தின் முன்னால்கூடத் தொண்டையைச் செருமத் தயங்குவார்கள்.

மறுநாள் அவளைச் சேர்த்திருந்த மனநல மருத்துவமனையில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். திண்டுக்கல் கோர்ட்டில் முப்பது வருஷம் சாட்சிகளின் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் எழுதி ரிட்டயரானவன் நான். அந்தப் பெருமையோடு போனேன். என்ன பாடினாள் என்று கேட்டார் டாக்டர். "ஒத்தையில விட்டுப் போறியே ஆத்தா, என்னையும் கூட்டிக்கிட்டுப் போன்னு பாடுனேன்" என்றாள். அப்படியே சொன்னேன். சாக ஆசைப்படுகிறாளா என்று கேட்கச் சொன்னார்.

"நல்லாக் கேட்டாரு போங்கய்யா! ஆத்தா செத்த அன்னைக்கு வேற எதுக்கு ஆசப்படுவாக?"

அதையும் அப்படியே சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். கண்காணிப்பு, இருபத்தெட்டு நாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. ஐம்பத்தாறாம் வருஷம் திண்டுக்கல்லில் என் அம்மா இறந்தபோது, "நானும் வாரேன், பக்கத்துல எடம் போடு" என்று பாடிக்கொண்டிருந்த சித்தி, நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்து, "ஏலே அப்பு, வத்தலக்குண்டு பஸ்ஸு வந்துருச்சா? வந்தவுகளுக்குக் காப்பி குடுத்தியா?" என்று கேட்டாள், விட்ட அடியிலிருந்து மறுபடி எடுத்தாள். சாயங்காலம், சம்பந்தி வீட்டிலிருந்து வந்த சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்பில்லை என்று சண்டையும் போட்டாள். சாகிறேன் என்று வாய்விட்டுப் பாடியதால்தான் அவளால் உப்பைப் பற்றிக் கவலைப்பட முடிந்தது. டாக்டரிடம் இதைச் சொல்லாமல், வார்த்தைகளை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒப்பாரி எங்கள் ஊர் வழக்கம், நோயல்ல என்று அன்றே மருத்துவமனைக்கு விண்ணப்பம் எழுதினேன். ஏழு பத்திகள், மேலதிகாரிகளுக்கு நகல்கள், ரிஜிஸ்டர் தபால். பதில் இல்லை. கெடு முடிந்து ராக்கம்மாவை விட்டார்கள். அதற்குள் ஊரில் கருமாதியே முடிந்திருந்தது. வந்தவள் அழவில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் பொத்தி உட்கார்ந்திருப்பாள். உதடு சேவுகம்பட்டியில் அசையும். காது பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கும்.

"பதிலு வந்துச்சாங்கய்யா? வந்துட்டா மிச்சத்தப் பாடிருவேன்."

"விசாரிக்கிறேன், தாயி." முப்பது வருஷம் கோர்ட்டு வாசலில் எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல்தான்.

நினைவூட்டுக் கடிதங்கள் மூன்று போட்டேன். கடைசியில் ஒற்றை வரி எழுதியிருந்தார்கள்: அவள் பாடியது அவர்கள் ஊர் வழக்கம் என்பது கோப்பில் குறித்துக்கொள்ளப்பட்டது. வந்து சேர்ந்த நாள் மார்கழி பன்னிரண்டு. அவள் துக்கம் காக்க வேண்டிய ஒரு வருஷம் முடிந்த மறுநாள்.