தூசி நீக்கம்: அதிகம்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் இரண்டு தகரப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மல்காஜ்கிரியில் உள்ள என் வீட்டு வாசலில் வந்து இறக்கினார். பெட்டிகளோடு ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பமும் வந்து இறங்கியது. ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். பெட்டியில் இருக்கும் பழைய போட்டோக்கள், நெகடிவ்கள், கடிதங்கள், கூட்டக் குறிப்பு நோட்டுகள் எல்லாவற்றையும் நான் ஸ்கேன் செய்து தர வேண்டுமாம். என்னிடம் ஸ்கேனர் இருப்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவள் பகல் முழுக்கச் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள் என்பதை அவரே தீர்மானித்துவிட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மேடம். வெச்சு, மூடி, பட்டன அமுக்கிட்டா போதும். ஜெராக்ஸ் மாதிரிதானே" என்றார். அவர் செகந்திராபாத்தில் பிறந்து செகந்திராபாத்திலேயே ரிடையர் ஆனவர். மேடையில் ஏறினால் மட்டும் தூய தமிழ் வரும். கீழே இறங்கிவிட்டால் பேரனிடம் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் இந்தி. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "நக்கோ மேடம், வேணாம், இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் குடித்தார்.

அதே ஆட்டோவில் பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒரே ஒரு போட்டோவுக்காகத்தான் சரி என்றேன். அது என்ன போட்டோ என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு மூன்று வயது முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவருடைய வேலைக்குப் பதிலாக அம்மாவுக்கு ஒரு கிளார்க் வேலை கொடுத்தார்கள். பத்தாம் நாள் காரியத்தில் அம்மாவின் பொட்டை அழித்தார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பொட்டு வைத்த அம்மாவையே வீட்டை விட்டு எடுத்துவிட்டார்கள். கல்யாணப் போட்டோவை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், அப்பாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, மாலை போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் பட்டுப்புடவை சுற்றிய ஒரு தோள் தெரியும். என் அம்மா கல்யாணப் பெண்ணாக இருந்ததற்கு எங்கள் வீட்டில் இருந்த அத்தாட்சி அந்தத் தோள் மட்டும்தான். மற்ற படங்கள் எந்தச் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கரையானுக்குப் போயினவோ தெரியாது.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அம்மாவைப் பொட்டோடு பார்த்த ஞாபகம் ஒன்றுகூட இல்லை. வேலைக்குப் போன புதிதில் ஒரு நாள் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை அவளிடம் நீட்டினேன். "இனிமே எனக்கு எதுக்குடி, நீ வச்சிக்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். போன வருஷம் அவளும் போய்விட்டாள்.

அதனால் செயலாளர் போகிறபோக்கில், "ஹவ் மேடம், ஆமா, பழைய பொங்கல் விழா குரூப் போட்டோ ஒண்ணு இருக்கும் பாருங்க. உங்கப்பா கடைசி வரிசையில மீசையோட நிப்பாரு. அம்மா கீழ உக்காந்திருப்பாங்க, மடியில நீங்க" என்றதும் பெட்டிகளை நானே உள்ளே இழுத்து வைத்தேன். அப்பா உயிரோடு நிற்கும் படம் என்றால் அம்மா நெற்றியில் பொட்டு இருந்தே தீர வேண்டும். அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். சங்கத்தின் சரித்திரம் எவ்வளவு மகத்தானது என்று அப்போதுதான் தெரிந்தது. எட்டு நோட்டுகளில் கூட்டக் குறிப்புகள். அதில் மூன்று நோட்டுகள் நாற்காலி வாங்குவதா பெஞ்சு வாங்குவதா என்ற விவாதத்துக்கே போயிருந்தன. நான்காவது நோட்டில் இரண்டும் வேண்டாம், ஜமக்காளம் போதும் என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். போட்டோக்களில் பாதி, தலைவர்களுக்குச் சால்வை போடும் படங்கள். சால்வை முகத்தை மறைத்துவிட்டதால் எந்தத் தலைவர் என்று தெரியவில்லை. ஒரு டப்பாவில் சினிமா ஃபிலிம் சுருள் ஒன்றும் இருந்தது. அதை இந்த ஸ்கேனரில் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கென்று தனிக் கருவி உள்ள இடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று செயலாளருக்கு ஃபோனில் சொன்னேன். "அரை அரை அடியா வெச்சு எடுத்துப் பாருங்களேன் மேடம், அவசரம் இல்ல" என்றார்.

ஸ்கேனர் வேலை ஜெராக்ஸ் மாதிரி இல்லை. ஒவ்வொரு போட்டோவையும் பிரஷ்ஷால் தட்டிக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். மூடியை மெதுவாக இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் அந்தக் காற்றிலேயே போட்டோ நகர்ந்து கோணிக்கொள்ளும். விளக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஊர்ந்து போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தூசி. எனக்குத் தூசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்க்கிற ரகம் நான். ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்கம் என்று ஒரு வசதி இருந்தது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று கேட்டது. என்னிடம் போய் அப்படிக் கேட்கலாமா? அதிகம் என்று டிக் அடித்தேன். அதன்பின் வந்த படங்கள் எல்லாம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி பளபளவென்று வந்தன. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் அந்தக் குரூப் போட்டோ கையில் வந்தது. நூறு பேருக்குக் குறையாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு. அப்பாவை மீசையை வைத்துக் கண்டுபிடித்தேன். அம்மாவை மடியில் இருந்த என் அழுமூஞ்சியை வைத்துக் கண்டுபிடித்தேன். நெற்றியில் ஏதோ கறுப்பாக இருந்தது போலிருந்தது. என் மூக்குக் கண்ணாடிக்கு அதற்கு மேல் எட்டவில்லை. அவசரப்படவில்லை. ஸ்கேன் செய்துவிட்டால் பிறகு திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் இரண்டு வாரம் பெரிதா? எல்லா வேலையையும் முடித்து, பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து, தலைக்குக் குளித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். பலகாரத்தில் முந்திரியைக் கடைசியில் தின்கிற புத்தி.

அப்படியே செய்தேன். பெட்டிகள் போய்ப் பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். அம்மா முகம் திரை நிறைய வந்தது. என்னைவிடச் சின்னப் பெண். கன்னம் உப்பலாக இருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். நெற்றி வெறுமையாக இருந்தது.

அப்பா பின்னால் மீசையோடு நிற்கிறார், அம்மா நெற்றியில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கும் இல்லை. அடுத்தவளுக்கும் இல்லை. மூக்குத்திகளும் இல்லை. படம் படமாகத் திறந்தேன். கல்யாண வரவேற்பில் மணப்பெண் உட்பட, கும்மி அடிக்கும் பெண்கள் உட்பட, சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வெறும் நெற்றியோடு நின்றார்கள். பொட்டையும் தூசியையும் அந்த மென்பொருளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கறுப்பாக, வட்டமாக, சின்னதாக இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருக்கிறது. பத்தாம் நாளில் என் அம்மாவுக்கு மற்றவர்கள் செய்ததை, நான் ஒரு சங்கத்துக்கே உட்கார்ந்த இடத்தில் செய்து முடித்திருந்தேன். அதுவும் அதிகம் என்று டிக் போட்டு. அன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சரி, தலை போகிற விஷயமில்லை, பெட்டியை மறுபடி வாங்கி அந்த டிக்கை எடுத்துவிட்டு ஸ்கேன் செய்யலாம் என்று செயலாளரைக் கூப்பிட்டேன்.

"பெட்டியா? அதான் கிருஷ்ணா ஆத்துல விட்டுட்டோமே மேடம். வாட்ஸாப்ல போட்டோ போட்டேனே, பாக்கலையா?"

"எதை விட்டீங்க?"

"போட்டோங்கள, நெகடிவ்ங்கள, எல்லாத்தையும். செத்தவங்க படம் நெறைய இருக்கு, சாமி படம் இருக்கு. குப்பையில போட்டா தோஷம் இல்லையா? அமாவாசைக்கு வேன் வெச்சு எல்லாரும் போனோம். புளியோதரை, தயிர் சாதம், ஏ ஒன்."

"அசலை எதுக்கு சார் தண்ணியில விட்டீங்க?"

"அதான் ஸ்கேன் ஆயிடுச்சே. உசிரு உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கு மேடம். நாங்க விட்டது வெறும் உடம்புதானே."

வாட்ஸாப்பைத் திறந்து பார்த்தேன். படித்துறையில் முழங்கால் தண்ணீரில் கமிட்டி நிற்கிறது. செயலாளர் மஞ்சள் குங்குமம் தூவி ஒரு கட்டுப் போட்டோவை ஆற்றில் இறக்குகிறார். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாற்காலியா பெஞ்சா என்று மூன்று நோட்டு எழுதிய சங்கம், இதை மட்டும் ஒரே நாளில் முடிவு செய்து முடித்துவிட்டது. நான் அழுதேன். யாரைத் திட்டி அழுவது என்று தெரியாமல் அழுதேன்.

பொட்டு போன விஷயத்தைச் சொன்னதும் கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது. என் வீட்டுக் கூடத்தில்தான். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆறு ஆண்கள், நான் படங்களைப் போட்டுக் காட்டிய டி.வி. திரைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டரிலேயே பொட்டை மறுபடி வைத்துவிடலாம் என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். உடனே, யாருக்கு வைக்கலாம், யாருக்கு வைக்கக்கூடாது என்று விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"இந்தம்மா வீட்டுக்காரர் இந்த விழாவுக்கு முன்னாடியே போயிட்டாரே?"

"கைக்கு, ஏன் அப்படிச் சொல்றீங்க? நம்ம கட்டடத்துக்குத் தளம் போட்ட அன்னைக்கு இருந்தாரே. சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சத்தம் போட்டாரே."

"அது அவர் தம்பி."

இப்படி மூன்று மணி நேரம். வைக்கலாம் என்று ஒரு பட்டியல், வேண்டாம் என்று ஒரு பட்டியல். ஆண்களுக்கு விசாரணை எதுவும் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் இரண்டு மனைவிகளை அனுப்பிவைத்தவர். முதல் மனைவி இருந்தபோதும், இல்லாதபோதும், இரண்டாமவள் வந்தபோதும், போனபோதும் எடுத்த படங்களில் அவர் நெற்றி ஒரே மாதிரிதான் இருந்தது. அவர்தான் வேண்டாம் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். என் அம்மா, கணவர் அதே படத்தில் நின்றுகொண்டிருந்த காரணத்தால், ஏகமனதாகத் தேறிவிட்டாள். கடைசியில் செயலாளர், "ஒரே சைஸ், கரெக்டா நடு நெத்தி. அப்பத்தான் புஸ்தகத்துல லட்சணமா இருக்கும்" என்று உத்தரவு போட்டுவிட்டு எழுந்தார்.

ஒரு வாரம் மவுஸைப் பிடித்துக்கொண்டு பொட்டு வைத்தேன். நடு நெற்றியில், ஒரே அளவில். வேண்டாம் பட்டியலில் இருந்த பதினோரு பேருக்கும் சேர்த்தே வைத்தேன். மூன்று மணி நேரம் விசாரித்த ஆறு பேரில் ஒருவரும் இன்றுவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லோருக்கும் வைத்து முடித்துவிட்டு அம்மாவிடம் வந்தபோது கை நின்றுவிட்டது. எவ்வளவு பெரிது? வட்டமா, நீளமா? புருவத்தோடு ஒட்டியா, மேலே ஏற்றியா? யாரோ ஊர் பேர் தெரியாத பெண்களுக்கெல்லாம் மளமளவென்று வைத்துவிட்டேன். பெற்ற தாய்க்கு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். அரக்கோணத்தில் இருக்கும் அப்பாவின் அக்கா, என் அத்தை. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். பத்தாம் நாள் அம்மாவின் பொட்டை அழித்தது அவர் கைதான். அந்தக் கோபத்தில் நான் அவரோடு அதிகம் பேசுவதில்லை. எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். நலம் விசாரித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அத்தே, அம்மா பொட்ட நீங்கதானே அழிச்சீங்க. எப்படி இருந்திச்சு அது?"

பக்கத்தில் ஓடிய டி.வி.யை அணைக்கச் சொல்லி யாரையோ அதட்டினார்.

"நாலணா அகலம் வப்பா" என்றார் அத்தை. "குங்குமம் இல்ல, சாந்து. கண்ணாடி பாக்காமலே வச்சிக்குவா, அவளுக்கு ஏது நேரம். அதனால கொஞ்சம் எடப்பக்கமா ஒதுங்கிதான் இருக்கும். சாந்து லேசுல போவல. வெறும் விரலால தேச்சேன், போவல. தேங்கா எண்ணெ தொட்டுத் தேச்சேன். அப்பவும் கற நின்னுச்சி. கண்ண மூடினு ஒக்காந்திருந்தா. வலிக்குதான்னு கேட்டேன். இல்லக்கா, சீக்கிரம் முடிங்கன்னா."

ஃபோனை அணைத்துவிட்டு மவுஸை எடுத்தேன். வைத்துவிட்டேன். நாலணா அகலத்தில், கொஞ்சம் இடப்பக்கமாக ஒதுக்கி.

மலர் அச்சுக்குப் போகும் முன் செயலாளர் ஃபோன் செய்தார். "பிரமாதமா வந்திருக்கு மேடம். ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொங்கல் போட்டோவுல கீழ உக்காந்திருக்காங்களே உங்கம்மா, அவங்களுக்கு மட்டும் பொட்டு பெருசா, கோணலா இருக்கு. தப்பா வெச்சுட்டீங்க போல. சரி பண்ணிடுங்களேன்."

"அது ஒண்ணுதான் சார் அதுல சரியா இருக்கு" என்றேன்.