பாதி படித்துக் கொடுத்த நாவல்

கோவையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். யாரும் சொல்லித்தராமல் நானாகச் செய்தது ஒன்று உண்டு. மெஷினோடு படுத்திருப்பவர்களுக்கு அறிவியல் புனைகதை நாவல்கள் கொடுப்பது. அதில் ஒரு முறை பெரிய தவறு செய்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

1. அடுப்படி இல்லாத கப்பல்

ருக்மணியம்மா சரவணம்பட்டியில் மெஸ் நடத்தியவர். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நாற்பது பேருக்கு அவர் சமையல்தான். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை. முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆனதும் ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, ஊசியப் புடுங்கி உடுங்க. ராத்திரிக்குச் சப்பாத்தி மாவு பிசையோணும்.”

கெஞ்சினேன். கேட்கவில்லை. பஸ்ஸில் படிக்க நான் வைத்திருந்த நாவலை எடுத்துக் கொடுத்தேன். வேற்றுக் கிரகத்துக்கு ஒரு கூட்டமே விண்கப்பலில் போகிற கதை. ஒரு கையில் ஊசி இருந்ததால், பக்கம் மூடாமலிருக்க ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்கிற இடுக்கியை கிளிப் போல மாட்டிவிட்டேன்.

அரை மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு கூப்பிட்டார்.

“இத்தன பேரு போறாங்களே, இதுல அடுப்படி எங்கீங்க?”

“மாத்திரைதான் சாப்புடுவாங்கம்மா.”

“எழுதுனவன் ஒரு நாளும் உலை வெச்சிருக்க மாட்டானுங்க.”

திட்டிக்கொண்டே படித்தார். நாலு மணி நேரம் ஓடிவிட்டது.

2. அட்டையைப் பார்த்து

அதன் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. எல்லோருக்கும் நாவல் கொடுத்தேன். இரண்டாம் படுக்கையில் இருந்தவர் ஓய்வுபெற்ற லைன்மேன். “அந்த ரோபோவுக்குக் கரண்ட் எங்கிருந்து வருதுன்னே சொல்லலியேங்க” என்று சண்டைக்கு வந்தார்.

என்னிடம் இருந்த புத்தகங்கள் தீர்ந்தன. பழைய புத்தகக் கடையிலிருந்து அள்ளிவந்து, அட்டையைப் பார்த்தே கொடுக்கத் தொடங்கினேன். ஒரு தடித்த நாவலைப் பாதி மட்டும் படித்துவிட்டு ருக்மணியம்மாவிடம் நீட்டினேன். வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அடுத்த முறை அவர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. ஃபோன் செய்தேன். மூச்சு வாங்கியபடி பேசினார்.

“அந்தப் புக்க முடிச்சுபோட்டனுங்க. கடைசில கப்பல்ல அந்தாளு தன்னோட மூச்சு மெஷின அவனே நிறுத்திக்கறான், மத்தவங்களுக்குக் காத்து மிச்சமாகட்டும்னு. அவன் பண்ணுனதுல என்னங்க தப்பு? என்னையக் கூட்டிட்டு வாரதுக்கே எம் பொண்ணு வேலைய உட்டுட்டாளுங்க.”

இரண்டு முறை டயாலிசிஸ் தவறினால் உயிருக்கே ஆபத்து.

3. மெஸ்ஸில்

டாக்டரிடம் சொல்லிவிட்டு நேராக மெஸ்ஸுக்குப் போனேன்; அவர் வீடும் அங்கேதான். கால்கள் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் கவிதா.

“அந்தப் புக்க நான் பாதிதாம்மா படிச்சிருந்தேன்” என்றேன்.

நிமிர்ந்தார். “படிக்காமயா குடுத்தீங்க? நான் ஒரு நாளும் ருசி பாக்காமப் பரிமாறுனதில்லீங்க.”

“தப்புதானுங்கம்மா.”

கவிதா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். கதையின் முடிவையும், ஃபோனில் அவள் அம்மா கேட்டதையும் சொன்னேன். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அசதியா இருக்குது, நாளைக்குப் போலாம்னுதான எங்கிட்டச் சொன்ன? அந்தாளு கப்பல்ல இருந்தவங்கள ஒரு வார்த்த கேட்டானாம்மா? நீ என்னையக் கேட்டியா?”

ருக்மணியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேக்கலியே கண்ணு” என்றார். “வண்டிச் சாவிய எடு.”

அன்றே மெஷினில் போட்டோம். மூன்றாவது மணி நேரத்தில்தான் அவருக்கு மூச்சு சீரானது.

அந்த நாவலை நானும் பிறகு முழுதாகப் படித்தேன். நல்ல நாவல்தான். கடைசிப் பக்கம் வரை படிக்காத எதையும் அதன் பிறகு நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால், எதுவரை வந்தீர்கள் என்று விசாரிக்காமல் இருந்ததும் இல்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்ததோடு நம் வேலை முடிவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

சில மாதம் கழித்து, பக்கத்துப் படுக்கைக்கு ஒரு டீச்சர் புதிதாக வந்தார். ருக்மணியம்மா அதே நாவலை அவரிடம் நீட்டுவதைப் பார்த்துப் பதறி ஓடினேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு டீச்சரிடம் சொன்னார்:

“நல்ல புக்குங்க, தாராளமாப் படிங்க. ஆனா கடைசி அத்தியாயத்த மட்டும் ஊட்டுல தனியாப் படிக்காதீங்க. இங்க வந்து, எம் பக்கத்துல படுத்துட்டுப் படிங்க.”