உச்சிக்குப் போய் இறங்கிய கொடி

கொடிக்கம்பத்துக் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது. டிசம்பர் இருபத்து நான்கு, இந்த மாநிலம் இரண்டு பெரிய தலைவர்களை இழந்த தேதி. முதல் இழப்பின்போது, எழுபத்து மூன்றில், நான் பள்ளி மாணவன். எண்பத்தேழில் முதலமைச்சர் இறந்த அன்று, சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை எழுத்தர்.

காலை வானொலிச் செய்திக்குப் பிறகு பஸ் ஓடவில்லை. சாலையில் டயர்கள் எரிந்தன. கதவடைக்காத கடைகளில் கண்ணாடி நொறுங்கியது. கொடியேற்றும் பியூன் வாசுதேவநல்லூரில் மாட்டிக்கொண்டதால், ஹெட் கிளார்க்கும் நானும்தான் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டோம். அவர் விதியை மீறி ஒரு குண்டூசிகூட எடுக்காதவர். அரைக்கம்பத்துக் கொடியை நேராக இறக்கக் கூடாது. உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். இது எங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. அதை நாங்கள் இருவரும் யோசிக்கவேயில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கொடியை இறக்குவதற்காக அவர் கயிற்றை இழுத்தார். கப்பி கிறீச்சிட்டது. வாசலைக் கடந்துகொண்டிருந்த மௌன ஊர்வலம் நின்றது.

“ஏலே, கொடிய மேல ஏத்துதான் பாரு!”

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். சிலர் கையில் கல். முன்னால் வந்தவன் விசைத்தறி ஓட்டும் இளைஞன். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

“எங்க தலைவரு செத்துக் கெடக்காரு. ஒமக்குக் கொண்டாட்டமா வே?”

“இல்ல மக்கா. உச்சிக்குப் போயித்தான் எறங்கணும். அதான் சட்டம்” என்றார் ஹெட் கிளார்க்.

“சட்டத்தக் கொண்டுபோயி ஒம்ம வீட்டு அடுப்புல வையும்!”

ஒரு கல் கம்பத்தில் பட்டு ணங்கென்றது. “சார், அப்படியே எறக்கிருவோம்” என்று கெஞ்சினேன். அவர் கயிற்றை விடவில்லை. விதிக்குப் பயந்தாரா, விரல்களே இறுகிவிட்டனவா, தெரியாது. திடீரென்று கயிற்றை அந்த இளைஞனிடம் நீட்டினார்.

“நீயே இழு. ஒங்க தலைவருக்கு மரியாதைதான் இது. ஒருதடவ உச்சியப் பாத்துட்டு எறங்கட்டும்.”

அவன் கயிற்றையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அடுத்த கல் எந்தக் கையிலிருந்து வரும் என்று நான் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இழுத்தான். கொடி உச்சியைத் தொட்டு நின்றதும் கூட்டத்திலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. கொடி இறங்க இறங்கக் கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

அவர்கள் போன பிறகு ஹெட் கிளார்க்கால் கொடியை மடிக்க முடியவில்லை. நான்தான் மடித்தேன்.

“நாளைக்கும் அரைக்கம்பந்தான்வே” என்றார். “நாளைக்கும் எறக்கணும்.”

இப்போது என் வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். கப்பி கிறீச்சிட்டதும் குழந்தைகள் அண்ணாந்து கொடியைப் பார்க்கிறார்கள். நான் கேட்டைப் பார்க்கிறேன்.