புதிய பதிப்புக்குப் போன கட்டில்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மொன்ட்ரியால் நகரின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோரில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. வீட்டில் வைத்துப் பராமரிக்கப்படும் நோயாளிகளுக்கு மருத்துவமனைக் கட்டில்களை வாடகைக்குக் கொடுப்பவர்கள். எந்தக் கட்டில் எந்த வீட்டில் நிற்கிறது, எப்போது திரும்பும் என்பதெல்லாம் ஒரு பழைய தரவுத்தளத்தில் இருந்தது. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். இப்போது புதிய கணினிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் இருந்தது அதே மென்பொருளின் புதிய பதிப்பு. பழையதை அதற்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த வேலை எனக்குக் கைவந்தது. முதல் நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டேன்: "ஒரு பிரதி எடுத்து அதில்தான் மாற்றிப் பார்ப்பேன். நான் சொல்லும்வரை மூலக் கோப்பைப் புதிய கணினியில் யாரும் திறக்கக் கூடாது." அவர் தலையாட்டினார். நல்ல மனிதர், பொறுமைதான் குறைவு.

அடுத்த வாரம் ஒரு காலை நான் உள்ளே நுழையும்போதே, தொலைபேசியில் பதிவு எடுக்கும் கியூபெக் பெண் எழுந்து நின்று தன் திரையைக் காட்டினாள். கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது அது. பக்கத்து மேசைகளிலும் அதே செய்தி. மேலாளர் தன் அறையிலிருந்து மெதுவாக வந்தார்.

"காலையில் என் புதிய கணினியில் திறந்தேன். மாற்றட்டுமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்திவிட்டேன். உங்கள் வேலை குறையும் என்று நினைத்தேன்."

மாறிய கோப்பைப் பழைய பதிப்பால் படிக்க முடியாது. அவரைத் தவிர எல்லோரிடமும் இருந்தது பழையதுதான். அன்று பிற்பகல் ஒரு முதியவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். அதற்குள் கட்டில் போய்ச் சேர வேண்டும். முகவரியோ அந்தக் கோப்புக்குள். கட்டில்களை ஏற்றி இறக்கும் வான் வண்டியை ஓட்டும் மன்னார்க்கார அண்ணை கையில் சாவியோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, இது இண்டைக்குச் சரிவருமோ?"

"வரும் அண்ணை. நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

சும்மா தைரியத்துக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குக் கிளம்புமுன் மூலக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைப்பது என் வழக்கம். முந்திய மாலைப் பிரதியை அதன் இடத்தில் வைத்தேன். பதிவு எடுக்கும் பெண் திறந்தாள், முகவரி வந்தது. அண்ணை கட்டிலை ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பிரதியில் இல்லாத, அன்று காலை தன் கணினியில் பதிந்தவற்றை மேலாளர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

பிறகு ஒருவரும் எனக்கு அவசரம் காட்டவில்லை. மாற்றிய பிரதியில் திகதி தெரிவுசெய்யும் பக்கம் வேலை செய்யாமல் நின்றது. அது நம்பியிருந்த ஒரு துணை நிரல் புதிய பதிப்பில் இல்லை. அந்தப் பக்கத்தை முழுக்கத் திரும்ப எழுதினேன். பிரெஞ்சுப் பெயர்களின் எழுத்துகள் குலையவில்லையா என்று அவளோடு இருந்து பார்த்தேன். அந்த நேரத்தில்தான் அண்ணை வந்து கேட்டார்.

"இந்தத் திரையில ஒரு பெட்டி கூடப் போட ஏலுமோ? வெளிப்படி வளைஞ்சு மேல போற வீடெண்டா முன்னமே தெரியவேணும். இப்ப கட்டிலோட போய் நிண்டுதான் அண்ணாந்து பாக்கிறம்."

"ஓம் அண்ணை. எத்தினையாம் மாடி, படி வெளியிலயோ உள்ளுக்கோ, லிப்ட் இருக்கோ. மூண்டையும் போடுறன்."

அவளுக்குப் பிரெஞ்சில் விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அழைப்பவர்களிடம் கேட்கிறேன். ஆனால் முகவரிக்குப் பக்கத்திலேயே வர வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்" என்றாள். அப்படியே வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அழைப்புகள் ஓய்ந்ததும், எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் புதிய பதிப்புக்கு மாற்றினோம். திங்கள் காலை முதல் அழைப்பு வந்தபோது நான் அவள் பின்னால் நின்றேன். எனக்குப் பயமில்லை, பார்க்க ஆசையாக இருந்தது. முகவரியை எழுதினாள், மாடியைக் கேட்டாள், படியைக் கேட்டாள். அச்சடித்து வந்த தாளை அண்ணை நின்றபடியே வாசித்தார்.

"மூண்டாம் மாடி, வெளிப்படி," என்றபடி களஞ்சியப் பக்கம் திரும்பினார். "ஆரும் ஒராள் என்னோட வாங்கோ, இது தனியக் கொண்டுபோற வீடில்லை."