இரண்டு வீரர்களும் ஒரு சத்தியநாராயண பூஜையும்

ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் ஒய்டூகே வேலை பார்த்த காலம். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் எங்களுக்குச் சோறு கிடைத்தது.

பக்கத்து மேஜையில் ஒரு நைஜீரியாக்காரன், எசான் இனத்தவன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவன் ஊரின் பழைய ராஜாவைப் பற்றிச் சொன்னான். போரில் யாராலும் வெல்ல முடியாதவராம். செத்த பிறகு சாமியாக்கிவிட்டார்கள். ஆடு வெட்டி, மது ஊற்றிக் கும்பிடுவார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் குலசாமியும் எல்லைச் சண்டையில் வெட்டுப்பட்டு விழுந்தவர்தான். கிடா இல்லாமல் அவரிடம் பேச்சே கிடையாது. சாராயமும் சுருட்டும் தனி. இதையெல்லாம் அவனிடம் பெருமையாக அளந்தேன். அன்று முதல் பங்காளிகள் போல ஆகிவிட்டோம். அவன் ராஜாவும் எங்கள் குலசாமியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று சண்டைகூடப் போட்டிருக்கிறோம்.

அந்த வருடம் வெஸ்ட் வின்ட்சரில் ஓர் அங்கிள் வீட்டில் சத்தியநாராயண பூஜை. அங்கிள் சென்னைக்காரர், பெரிய கம்பெனியில் பெரிய தலை. அவர் மனது வைத்தால் நிரந்தர வேலையும் கிரீன் கார்டும் கூடிவரும் என்று பேச்சு. என் கார் ரிப்பேரில் கிடந்ததால் நைஜீரிய நண்பன்தான் தன் காரில் என்னை அழைத்துப் போனான்.

பூஜை முடிந்து எல்லோரும் கேசரியில் இறங்கியிருந்தபோது அங்கிள் அவனிடம் ஊர், மதம் எல்லாம் விசாரித்தார். அவன் கள்ளமில்லாமல் ராஜா கதையை முழுதாகச் சொன்னான்.

அங்கிள் எங்கள் பக்கம் திரும்பினார். "செத்துப் போனவனைக் கும்பிடறாங்க பாருங்க! ஆடு வேற வெட்டறாங்களாம். டோட்டலி ப்ரிமிட்டிவ்!"

ஹாலே சிரித்தது. வெட்கங்கெட்ட நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

"நம்ம சைடுல இதெல்லாம் கிடையாதுன்னு உங்க ஃப்ரெண்டுக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க" என்றார் அங்கிள்.

பண்ணினேன். எங்கள் குலதெய்வம் திருப்பதிப் பெருமாள், சுத்த சைவம், எங்கள் பரம்பரையிலேயே ஆடு வெட்டியதில்லை என்று நல்ல ஆங்கிலத்தில் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும். அவன் சொல்லவில்லை. கேசரி நன்றாக இருக்கிறது என்று அங்கிளைப் பாராட்டினான். அங்கிள் மகிழ்ந்துபோய் என்னிடம், "உங்க ரெஸ்யூம அனுப்புங்க, பார்க்கலாம்" என்றார்.

திரும்பும்போது காரில் அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "எங்கள் ஊரில் அவர் பெயரில் பொய்ச் சத்தியம் செய்யவே நடுங்குவார்கள். தன் சாமியே இல்லை என்று சொன்ன ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

அவமானத்தில் அந்த இடத்திலேயே இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், அங்கிளுக்கு ரெஸ்யூமை ஃபேக்ஸ் பண்ணினேன்.